ஒரே வருஷத்துல கம்ப்யூட்டர் டிகிரி... வாங்கிடலாமா மாமா?

போன வாரம் அக்கா வீட்டுக்கு, கே.ஜி.கண்டிகைக்குப் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: திருத்தணியில இருந்து சோளிங்கர் போற ரோட்டுல வர்ற ஊர். ஆந்திரா எல்லை பக்கத்துலயே இருக்கறதால டீக்கடையில தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில சாய்ஞ்சதும் அக்கா பையன் ஒரு நோட்டீஸை நீட்டினான்.

"ஒரே வருடத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆன்லைன் டிகிரி. அரசு அங்கீகாரம். வகுப்புக்கு வரத் தேவையில்லை."

"மாமா, நாப்பத்தஞ்சாயிரம்தான். அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். மீதியை நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணா..."

பையனைப் பத்திச் சொல்லிடறேன். ப்ளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அப்பாவுக்குத் தறி வேலை. வீட்டு நிலைமை சரியில்லாம காலேஜ் போகல. நாலு வருஷமா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட்ல ஐ.டி. சப்போர்ட். பிரிண்டர் மக்கர் பண்ணாலும் இவன்தான், நெட்வொர்க் கேபிள் இழுக்கணும்னாலும் இவன்தான், மேனேஜர் பாஸ்வேர்டை மறந்துட்டு முழிச்சாலும் இவன்தான். மாசம் பதினாறாயிரம். "பர்மனென்ட் பண்றோம்ப்பா, ஆனா ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் டிகிரி காட்டு"ன்னு சொல்லிட்டாங்களாம்.

இந்த இடத்துல நம்மள்ல பாதிப்பேர் "குறுக்கு வழியில போகாதே தம்பி, உழைச்சுப் படி"ன்னு ஆரம்பிச்சிடுவோம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரல. தினமும் பஸ்ல போக வர நாலு மணி நேரம் தொலைச்சுட்டு, ஷிப்டும் பார்த்துட்டு வர்றவன் "சீக்கிரமா, கம்மி செலவுல" கேக்கறதுல என்ன தப்பு? அவசரம்கறது சோம்பேறித்தனம் இல்லைங்க. வாடகை, தங்கச்சி கல்யாணம், கம்பெனி குடுத்த கெடு, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவசரம். அவன் கேட்ட கேள்வி சரியானது. பதில் சொன்ன ஆள்தான் தப்பு.

சரி, "வேகமா டிகிரி"ங்கறது முழுக்கப் பொய்யா? இல்ல. அதைத்தான் முதல்ல சொல்லணும். ஏன்னா இந்த ஏஜெண்ட்டுங்க விக்கிற பொய், எங்கியோ இருக்கற ஒரு நிஜத்தோட ஜெராக்ஸ்.

அமெரிக்காவுல வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு. அந்த நாட்டு மேற்கு மாநிலங்களோட கவர்னர்கள் சேர்ந்து 1997ல ஆரம்பிச்சது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு, முறையான அங்கீகாரம் உள்ளது. அங்க பாடத்துக்கு இவ்வளவுன்னு ஃபீஸ் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒரே கட்டணம். அந்த ஆறு மாசத்துல நாலு பாடம் முடிச்சாலும் அதே காசுதான், பதினாலு முடிச்சாலும் அதே காசுதான். வகுப்புல எத்தனை மணி நேரம் உக்காந்தேன்னு கேக்க மாட்டாங்க. தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா பரிட்சை எழுது, ப்ராஜெக்ட் குடு, அடுத்த பாடத்துக்குப் போ. அவ்ளோதான். இதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தை ஒரே வருஷத்துல, அதுக்கும் கம்மியா முடிச்சேன்னு இணையத்துல எழுதறவங்க நிறைய.

அப்படி முடிச்சவங்க யாருன்னு உத்துப் பாருங்க. பத்து வருஷம் ப்ரோக்ராமரா குப்பை கொட்டினவங்க, வேற எங்கியோ பாதிப் படிப்பை முடிச்சு அந்தக் கிரெடிட்டை இங்க மாத்திக்கிட்டவங்க, இப்படித்தான் அதிகம். அவங்க ஒரு வருஷத்துல *படிக்கல*. ஏற்கனவே படிச்சதுக்கு ஒரு வருஷத்துல *ரசீது வாங்கினாங்க*. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ஒண்ணுமே தெரியாம அங்க போய்ச் சேர்ந்தா அவனுக்கும் மூணு நாலு வருஷம் ஆகும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபீஸும் கட்டிக்கிட்டே இருக்கணும்.

அந்த ஊர்லயும் இது சண்டை சச்சரவு இல்லாம ஓடல. "ஆசிரியர்-மாணவர் தொடர்பு போதாது"ன்னு சொல்லி 2017ல அமெரிக்கக் கல்வித் துறையோட தணிக்கை அலுவலகம் 71 கோடி டாலருக்கு மேல உதவிப் பணத்தைத் திருப்பி வாங்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணுச்சு. 2019ல கல்வித் துறை அதை ஏத்துக்கல, பல்கலை தப்பிச்சது. "வேகம்"னு சொன்னா அங்கயே இவ்வளவு சந்தேகம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். யூ.ஜி.சி. விதிப்படி மூணு வருஷப் பட்டம்னா அது நேர்ல படிச்சாலும், அஞ்சல்ல படிச்சாலும், ஆன்லைன்ல படிச்சாலும் மூணு வருஷம்தான். 2024 நவம்பர்ல "துரிதப் பட்டம்"னு ஒண்ணுக்கு ஒப்புதல் குடுத்தாங்க. அதுலயும் மூணு வருஷப் படிப்பை அஞ்சு செமஸ்டர்ல முடிக்கலாம், அவ்ளோதான். அதாவது மிச்சமாகறது ஆறே மாசம். அதுவும் கல்லூரிக் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கற கொஞ்சம் பேருக்கு.

அப்ப அந்த நோட்டீஸ்காரர் எப்படி ஒரு வருஷத்துல குடுப்பார்? அக்கா பையன்கிட்ட நேரடியாவே கேட்டேன்.

"மூணு வருஷம் முன்னாடியே சேர்ந்த மாதிரி போட்டுடுவாங்களாம் மாமா."

"அப்ப முதல் ரெண்டு வருஷப் பரிட்சை?"

"அதுக்கு மார்க்‌ஷீட் வந்துடுமாம்."

இதுக்குப் பேர் ஆன்லைன் டிகிரி இல்ல, திருட்டு மார்க்‌ஷீட். நாளைக்குக் கம்பெனி சர்ட்டிபிகேட்டைச் சரிபார்க்க அனுப்பினா டிகிரியோட வேலையும் போகும், போலி ஆவணம்னு கேஸும் வரும். காசு வாங்கினவர் அப்ப போனையே எடுக்க மாட்டார். மாட்டறது யாருன்னா, கையெழுத்துப் போட்டுக் குடுத்த நம்ம பையன்.

"எல்லாரும் வாங்கறாங்களே மாமா"ன்னான். முறையா பரிட்சை எழுதி, காசு கட்டி, வருஷக்கணக்கா படிச்சவங்களே மாட்டின கதை இருக்குடான்னு ரெண்டு சொன்னேன்.

முதல் கதை. 2001க்கு அப்புறம் நாலு நிகர்நிலைப் பல்கலைகள் அஞ்சல் வழியில பொறியியல் பட்டம் குடுத்தாங்க. அதுல ஒண்ணு நம்ம சேலத்துல இருக்கறது. 2017 நவம்பர் 3ம் தேதி சுப்ரீம் கோர்ட், 2001-05ல சேர்ந்தவங்க பட்டத்தை நிறுத்தி வெச்சு, மறுபடியும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தற பரிட்சை எழுதிப் பாஸ் பண்ணாத்தான் செல்லும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் சேர்ந்தவங்க பட்டம் மொத்தமா ரத்து. அந்தப் பட்டத்தை வெச்சு ப்ரமோஷன் வாங்கி, வீட்டு லோன் போட்டு உக்காந்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கும் பி.இ., பி.டெக். பட்டத்தை அஞ்சல்லயோ ஆன்லைன்லயோ குடுக்க அனுமதி கிடையாது. யாராவது "ஆன்லைன் பி.டெக்."னு சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க.

ரெண்டாவது கதை. 2022 மார்ச்சுல, அண்ணாமலைப் பல்கலையோட தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைக்கும்தான் அங்கீகாரம், அதுக்கப்புறம் இல்லைன்னு யூ.ஜி.சி. பொது அறிவிப்பு விட்டாங்க. எவ்வளவு பழைய, பெரிய பல்கலைக்கழகம்! நம்ம தெருவுக்கு ஒருத்தர் அங்க அஞ்சல்ல படிச்சிருப்பாங்க. படிச்சவங்க மேல என்ன தப்பு? பல்கலைக்கழகத்தோட பேரைப் பார்த்தாங்க, அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் அனுமதி இருக்கான்னு பார்க்கல. பார்க்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல.

அதனால நான் பையன்கிட்ட நாலு விஷயம் எழுதிக் குடுத்தேன். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா உதவும்.

1. யூ.ஜி.சி.யோட தொலைதூரக் கல்விப் பிரிவு தளத்துல எந்தப் பல்கலை, எந்தப் படிப்பு, எந்த வருஷம்னு பட்டியல் இருக்கு. மூணும் பொருந்தணும். ரெண்டு பொருந்தினா போதாது.

2. 2024ல இருந்து தொலைதூர, ஆன்லைன் படிப்புல சேர மாணவரே அந்தத் தளத்துல "டெப் ஐடி" எடுக்கணும். அது இல்லாமலே அட்மிஷன் போட்டுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா அது அட்மிஷனே இல்ல. பல்கலைகள் தங்க படிப்பை ஏஜென்சிக்கு ஃப்ரான்சைஸ் விடவும் கூடாது.

3. முறையா அனுமதி வாங்கின தொலைதூர, ஆன்லைன் பட்டம் நேர்ல படிச்ச பட்டத்துக்குச் சமம்னு 2022 செப்டம்பர்லயே யூ.ஜி.சி. தெளிவா சொல்லிட்டாங்க. ஆகவே "ஆன்லைன்னா மட்டம்"னு சொல்ற சித்தப்பாக்களை நம்ப வேணாம்.

4. பத்தாவது, ப்ளஸ் டூ முடிக்காம நேரா திறந்தநிலைப் பட்டம் வாங்கினா தமிழ்நாடு அரசு வேலைக்கு அது எடுபடாது. 2009ல வந்த அரசாணை. நம்ம பையனுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, ஆனா ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு.

சரி, அவனுக்கு நிஜமாவே என்னதான் வழி? திண்ணையில உக்காந்து பேப்பர்ல கணக்குப் போட்டோம்.

வேலையை விட்டுட்டு காலேஜ் போனா? திருத்தணியிலயே அரசு கலைக் கல்லூரி இருக்கு, ஃபீஸ் பெரிய விஷயமில்ல. ஆனா மாசம் பதினாறாயிரம், முப்பத்தாறு மாசம்: 5,76,000 ரூபாய் சம்பளம் போச்சு. ஏழை வீட்டுப் பையனுக்குக் காலேஜோட நிஜமான ஃபீஸ் இதுதான். "கவர்மெண்ட் காலேஜ் இலவசம் மாதிரிதானே, ஏன் படிக்கல?"ன்னு கேக்கறவங்க இந்தக் கணக்கைப் போடறதில்ல. வேலையில இருந்துக்கிட்டே படிக்க முடியறதுதான் ஆன்லைன் படிப்போட உண்மையான லாபம். காலம் மிச்சமாகாது, சம்பளம் மிச்சமாகும்.

அடுத்தது சென்னை ஐ.ஐ.டி.யோட டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. 2020 ஜூன்ல அறிவிச்சாங்க. ஜே.இ.இ. வேணாம். நாலு வாரம் பாடம் நடத்தி, அதுலயே தகுதித் தேர்வு வெச்சு, பாஸானா உள்ள. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, நடுவுல இறங்கிக்கலாம்: அடிப்படை நிலை முடிச்சா ஒரு சான்றிதழ், அப்புறம் டிப்ளமோ, அப்புறம் பி.எஸ்சி., கடைசியில நாலு வருஷ பி.எஸ். தணிகை மலையில முன்னூத்தி அறுபத்தஞ்சு படி ஏறும்போது நடுவுல மண்டபத்துல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு ஏறுவோமே, அந்த மாதிரி. பாடம் வீட்டுல, ஆனா முக்கியப் பரிட்சைகள் நேர்ல போய் எழுதணும். அதனாலதான் அதுக்கு மரியாதையும் இருக்கு.

செலவு? முழுப் பட்டம் வரைக்கும் போனா மூணு லட்சத்துக்கு மேல. ஆனா வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து பாதியோ முக்காலோ தள்ளுபடி உண்டு. ஆரம்பிச்சப்ப அடிப்படை நிலைக்கு முழுக் கட்டணம் 32,000. முக்கால் தள்ளுபடி கிடைச்சா 8,000. (நம்ம பி.சி., எம்.பி.சி. பசங்க கவனிக்க: மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசு படிவத்துல ஓ.பி.சி. சான்றிதழ் வேணும். முன்னாடியே விண்ணப்பிச்சு வெச்சுக்கங்க.) கட்டணம் மாறும், சேர்றப்ப அவங்க தளத்துலயே பார்த்துடுங்க.

நேரம்? ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம்னு அவங்களே சொல்றாங்க. ஷிப்ட் பார்க்கறவன் ஒரு டெர்முக்கு ரெண்டு பாடம் எடுத்தாலே பெருசு. அடிப்படை நிலையில எட்டு பாடம், வருஷத்துக்கு மூணு டெர்ம். ஆக ஒரு வருஷம் நாலு மாசம். அதே வேகத்துல பி.எஸ்சி. தொட அஞ்சு வருஷம் கிட்ட ஆகும். பாடமும் இங்கிலீஷ்ல. பையன் முகம் வாடிப்போச்சு. பொய் சொல்லி என்ன பண்றது?

மூணாவது, இக்னோ மாதிரி திறந்தநிலைப் பல்கலையில பி.சி.ஏ. ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை சேரலாம். குறைஞ்சது மூணு வருஷம், முடியலன்னா ஆறு வருஷம் வரைக்கும் இழுக்கலாம். மொத்தச் செலவு அரை லட்சத்தைச் சுற்றி. செமஸ்டர் செமஸ்டரா கட்டலாம். நோட்டீஸ்காரர் கேட்ட அதே காசு! அவர் கேட்டது ஒரே மூச்சுல, பொய்க்கு. இது கொஞ்சம் கொஞ்சமா, நிஜத்துக்கு. குறை என்னன்னா, யாரும் உன்னைப் புடிச்சு உக்கார வெக்க மாட்டாங்க. புத்தகம் வரும், அது பாட்டுக்கு அலமாரியில தூங்கும். அசைன்மென்ட் தேதி வந்தப்புறம்தான் ஞாபகம் வரும். அஞ்சல்ல படிச்ச எல்லாருக்கும் இந்த வியாதி தெரியும் (எனக்கும்தான், ஹிஹி).

கடைசியா நான் சொன்னது இதுதான்: கம்பெனிக்குக் காட்ட பி.சி.ஏ., கத்துக்க வேற வழி. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து 2003ல ஆரம்பிச்ச என்.பி.டெல். பாடங்கள் இலவசம், பரிட்சை எழுதினாத்தான் காசு. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கூட இருக்கு. அந்த பி.எஸ். படிப்போட பாட வீடியோக்களே யூடியூப்ல கிடைக்குது. பைத்தான், டேட்டாபேஸ், நெட்வொர்க் - இந்த மூணையும் உருப்படியா கத்துக்கிட்டா பட்டம் வர்றதுக்கு முன்னாடியே வேற வேலைக்கு இன்டர்வியூ போகலாம். பட்டத்தைத்தான் அவசரப்படுத்த முடியாது. கத்துக்கறதை இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம்.

இவ்வளவும் சொல்லி முடிச்சப்புறம் அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வெச்சுது.

"மாமா, நாலு வருஷமா சர்வர் ரூம்ல நான்தான் நிக்கறேன். கம்ப்யூட்டர்னா என்ன, அதோட பாகங்கள் என்னங்கறதுல இருந்து நான் எதுக்கு மறுபடியும் மூணு வருஷம் ஆரம்பிக்கணும்?"

எனக்குப் பதில் இல்லைங்க. நியாயமான கேள்வி. அமெரிக்காக்காரனுக்கு "தெரிஞ்சா பரிட்சை எழுதிட்டுப் போ"ன்னு ஒரு வழி இருக்கறப்ப, நம்ம பையனுக்கு ஏன் இல்ல? 2023ல வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்புல வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம்னு எழுதியிருக்காங்க. நல்லது. ஆனா கே.ஜி.கண்டிகையில இருந்து கம்பெனி பஸ் ஏறுறவன் எந்த ஜன்னல்ல போய் அந்தக் கிரெடிட்டைக் கேப்பான்? துரிதப் பட்டமும் ஏற்கனவே கல்லூரிக்குள்ள இருக்கற கெட்டிக்காரனுக்குத்தான். வெளியில நின்னு வேலை பார்த்துக் கத்துக்கிட்டவனுக்கு இல்ல. அவனுக்கு நேர்வழியில வேகத்தை மறுத்தா, குறுக்கு வழியில அதை விக்கறதுக்கு நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கத்தான் செய்வார். போலி ஏஜெண்ட்டை ஒழிக்க ரெய்டு மட்டும் போதாது, அவன் தெரிஞ்ச பாடத்துக்கு நேரா பரிட்சை எழுதற உரிமை வேணும். கேள்வித்தாள் எவ்வளவு கஷ்டமா வேணும்னாலும் இருக்கட்டும். பாஸானா அந்தப் பாடம் முடிஞ்சுது. இதுல தரம் எங்க கெடுது?

இதுல ஒரு வேடிக்கை. யூ.ஜி.சி. மாதிரி ஒரு அமைப்பு வேணும்னு சொன்னது 1948-49ல இருந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு. அதுக்குத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பொறந்தது இதே திருத்தணியில, 1888ல. அவர் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருத்தன், யூ.ஜி.சி. விதியோட நேர்வழி தெரியாம நோட்டீஸ்காரன்கிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டு நிக்கறான். வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்னிக்கு அவர் படத்துக்கு மாலை போடறோம். அன்னிக்கு ஸ்கூல்ல ப்ளஸ் டூ பசங்களைக் கூப்பிட்டு, அந்த அங்கீகாரப் பட்டியலை எப்படிப் பார்க்கணும்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தா போதும். மாலையை விட அவருக்கு அது பிடிக்கும்னு நினைக்கறேன்.

பையன் கிளம்பும்போது டெப் ஐடி எடுத்துட்டான். அடுத்த சேர்க்கையில பி.சி.ஏ. போடறதா முடிவு. மூணு வருஷம்ங்கறது இன்னும் அவனுக்குக் கசக்குது. எனக்கும்தான். மூணு வருஷம் எப்படியும் ஓடத்தான் போகுது, ஓடி முடியறப்ப கையில நிஜமான பட்டம் இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்.

டிஸ்கி 1: அட்வான்ஸ் அஞ்சாயிரத்தைத் திரும்பக் கேட்டுப் போனோம். "அப்ளிகேஷன் அனுப்பியாச்சு சார்"னுட்டாங்க. எந்த யுனிவர்சிட்டிக்குன்னு கேட்டேன். பதில் வரல.

டிஸ்கி 2: ஆன்லைன்லயோ அஞ்சல்லயோ கம்ப்யூட்டர் பட்டம் முடிச்சு வேலையில இருக்கற பதிவர்கள், உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு, இன்டர்வியூல அதைப் பத்தி என்ன கேட்டாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பையனுக்குக் காட்டணும். மாமா சொன்னா கேக்கமாட்டான், நீங்க சொன்னா கேப்பான் :-)